காக்பிட் இருட்டாகவே இருக்கிறது: ஏ-4 ஸ்கைஹாக் மாட் சரியாக ஏறியதா இல்லையா?

வால்காற்று:

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற விமான சிமுலேட்டர் கேமில் இதுவரை கூடவே இலவசமாக வரும் எஸ்யு-25டி-யில்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். காசு கொடுத்து மாட்யூல் (கேமில் சேர்க்கிற தனி விமானம்) வாங்குவதற்கு முன்னால், காக்பிட்டில் ஒவ்வொரு ஸ்விட்சையும் நாமே தட்டி ஓட்டுகிற விமானம் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க ஆசை. எல்லோரும் சொல்கிற ஏ-4ஈ-சி ஸ்கைஹாக் மாட்டை (ரசிகர்களே செய்து இலவசமாகக் கொடுக்கிற விமானம்) இறக்கினேன். கேம் நிறுவியிருக்கிற ஃபோல்டருக்குள்ளேயே மாட்ஸ், ஏர்கிராஃப்ட் என்று இருந்ததால் அங்கேயே போட்டேன், பட்டியலில் வந்தது. நடுவில் வேறு எதற்கோ ரிப்பேர் ஓட்ட வேண்டியிருந்தது, அதற்கப்புறம் விமானத்தையே காணோம். பிறகு சேவ்டு கேம்ஸ் ஃபோல்டரில் போடச் சொன்னார்கள், போட்டேன், மறுபடி வந்துவிட்டது.

இப்போது பிரச்சினை வேறு. மிஷன் எடிட்டரில் பார்க்கிங்கில் நிற்கிற மாதிரி வைத்து உள்ளே போனால் காக்பிட் செத்துக் கிடக்கிறது. ஸ்விட்ச் அசைகிறது, ஆனால் ஒரு விளக்கும் எரியவில்லை, ஸ்டார்ட்டரை அழுத்தினாலும் சத்தமே இல்லை. சரி என்று ரன்வேயில் இன்ஜின் ஓடுகிற நிலையில் வைத்துப் பார்த்தால், ரடர் (வால் சுக்கான்) மிதித்தும் மூக்கு திரும்பமாட்டேன் என்கிறது, நேராகப் போய்ப் புல்லில் இறங்குகிறது. தப்பித்தவறி மேலே ஏறினால் ஜாய்ஸ்டிக்கைத் தொடாமலே இடது பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது. ஜிப் ஃபைல் கெட்டுப்போய் இறங்கியிருக்குமா? எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடட்டுமா?


ஏழாம்_மேகம்:

அழிக்க வேண்டாம், பொறுங்கள். விமானம் பட்டியலில் வருகிறது, காக்பிட் திறக்கிறது, ஸ்விட்ச் அசைகிறது, மேலேயும் ஏறுகிறது என்றால் மாட் சரியாகத்தான் ஏறியிருக்கிறது. நீங்கள் சொன்னதில் இன்ஸ்டாலோடு சம்பந்தப்பட்டது அந்த ரிப்பேர் கதை மட்டும்தான். ரிப்பேர் ஓட்டும்போது, கேமின் சொந்த ஃபைல் எது, வெளியிலிருந்து வந்தது எது என்று ஒப்பிட்டுப் பார்த்து, தனக்குத் தெரியாததை எடுத்து ஒதுக்கிவிடும். அதனால்தான் இந்த மாதிரி மாட்களை சேவ்டு கேம்ஸ் பக்கம் வைக்கச் சொல்கிறார்கள், அங்கே அப்டேட்டும் கை வைக்காது ரிப்பேரும் கை வைக்காது. கேம் ஃபோல்டரில் பழைய காப்பி ஏதாவது மிச்சம் இருந்தால் அதை மட்டும் தூக்கிவிடுங்கள். ஒரே விமானம் இரண்டு இடத்தில் இருந்தால் எது ஏறுகிறது என்று தெரியாமல் திண்டாடுவீர்கள்.

பின்னால் இதே கேள்வியோடு வருகிறவர்களுக்காகவும் எழுதிவைக்கிறேன். சேவ்டு கேம்ஸுக்குள் டிசிஎஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். முன்பு ஓபன் பீட்டா வைத்திருந்தவர்களுக்கு டிசிஎஸ்.ஓபன்பீட்டா என்ற பெயரில் இன்னொன்றும் கிடக்கலாம், கேம் இப்போது எதைப் பயன்படுத்துகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், லாக் ஃபைலின் தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்குள் மாட்ஸ் என்ற ஃபோல்டர் முதலில் இருக்காது, நாமே உண்டாக்க வேண்டும், அதற்குள் ஏர்கிராஃப்ட், அதற்குள் ஏ-4ஈ-சி. அந்த ஃபோல்டரைத் திறந்தவுடனே என்ட்ரி.லுவா என்ற ஃபைல் கண்ணில் பட வேண்டும். ஜிப்பைப் பிரிக்கும் மென்பொருள் சில சமயம் ஏ-4ஈ-சி-க்குள் இன்னொரு ஏ-4ஈ-சி போட்டுவிடும், பட்டியலில் விமானம் வராததற்கு அதிகமாகப் பார்க்கிற காரணம் அதுதான். கிட்ஹப் தளத்திலிருந்து மாட்டை இறக்கும்போதும் ரிலீஸ் பக்கத்தில் இருக்கிற ஜிப்தான் வேண்டும். சோர்ஸ் கோட் என்று எழுதியிருப்பது மாட்டைத் திருத்தி எழுதுகிறவர்களுக்கு, பறக்கிறவர்களுக்கு அல்ல.

இதையும் மீறி ஏதாவது வரவில்லை என்றால் சேவ்டு கேம்ஸ், டிசிஎஸ், லாக்ஸ் ஃபோல்டரில் டிசிஎஸ்.லாக் இருக்கும், நோட்பேடில் திறந்து விமானத்தின் பெயரைத் தேடுங்கள். இந்த மாட்டில் பறக்கும் இயற்பியலே தனி டிஎல்எல் ஃபைலில் இருக்கிறது, ஆன்டிவைரஸ் அதைப் பிடித்து வைத்துக்கொண்டால் லாக்கில் தெரிந்துவிடும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.


தரைக்குழு:

இருட்டுக் காக்பிட் பற்றி நான் சொல்கிறேன். அது பழுது இல்லை, அந்த விமானமே அப்படித்தான். ஏ-4ஈ-யில் பேட்டரி கிடையாது.

நிஜமாகவே கிடையாது. இதை வடிவமைத்த எட் ஹைன்மன் எடையைக் குறைப்பதில் பிடிவாதமான ஆள். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை 30,000 பவுண்டு வரை அனுமதித்த இடத்தில் ஏறக்குறைய அதில் பாதி எடையில் விமானத்தைக் கொடுத்தார், முதல் பறப்பு 1954 ஜூன் 22. இறக்கையின் மொத்த அகலமே 8.4 மீட்டருக்குள் இருப்பதால் கப்பலில் நிறுத்துவதற்கு மடிக்கிற ஏற்பாடுகூட வைக்கவில்லை. பேட்டரியும் அதே கணக்கில்தான் போனது. வானத்தில் ஜெனரேட்டர் போனால் காற்றில் சுழலுகிற ஒரு சின்ன அவசர ஜெனரேட்டர் வெளியே வரும், தரையில் நிற்கும்போது மின்சாரம், இன்ஜினைச் சுற்றிவிடுகிற அழுத்தக் காற்று இரண்டுமே வெளியிலிருந்துதான் வர வேண்டும். அதனால் பார்க்கிங்கில் உட்கார்ந்து எந்த ஸ்விட்சைத் தட்டினாலும் ஒன்றும் நடக்காது.

செய்ய வேண்டியது: ரேடியோ மெனுவைத் திறந்து எஃப்8 அழுத்தினால் தரைக்குழு. அவர்களிடம் முதலில் மின்சாரம் கேளுங்கள், விளக்கெல்லாம் உயிர் பெறும். பிறகு காற்று. த்ராட்டில் ஆஃப் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்துங்கள், ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) முள் மெதுவாக எழும்பும். 5 சதவீதம் தாண்டியதும் த்ராட்டிலை இக்னிஷன் நிலைக்குக் கொண்டுபோங்கள், 15 சதவீதம் தாண்டியதும் ஐடில். அப்புறம் கையை எடுத்துவிட்டு டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருங்கள், 55 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கும். ஆர்பிஎம் எழும்புவதற்கு முன்னாலேயே அவசரப்பட்டு எரிபொருளைத் திறந்துவிட்டால் டெம்பரேச்சர் எகிறும்.

ஒன்று கவனியுங்கள். உங்கள் கையில் இருக்கிற த்ராட்டிலை முழுக்கக் கீழே இழுத்தால் அது ஐடில்தான், ஆஃப் அல்ல. ஆஃப், இக்னிஷன், ஐடில் மூன்றுக்கும் நடுவே நகர்த்துவதற்குக் கன்ட்ரோல்ஸ் பட்டியலில் தனிக் கட்டளைகள் உண்டு, அவற்றை ஏதாவது இரண்டு பட்டனுக்குக் கொடுத்துவிடுங்கள். எஸ்யு-25டி-யிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்குவார்கள். ரைட் ஷிஃப்டும் கே-யும் சேர்த்து அழுத்தினால் நீபோர்டு (விமானி தொடையில் வைத்துப் பார்க்கும் குறிப்புப் பலகை) திறக்கும், முதலில் சில தடவை அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டே செய்யுங்கள்.


ஏழாம்_மேகம்:

சாய்ந்துகொண்டே போவது பற்றி விட்டுவிட்டேன். ஜாய்ஸ்டிக்கோடு தனி த்ராட்டிலோ பெடலோ வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் பந்தயமே கட்டலாம். புதிதாக ஒரு விமானம் வந்ததும் டிசிஎஸ் தானாகவே எல்லாச் சாதனத்துக்கும் அச்சுகளை ஒதுக்கிவிடும், அதாவது ஜாய்ஸ்டிக்கின் எக்ஸ் அச்சும் ரோல் (பக்கவாட்டில் சாய்வது), த்ராட்டிலில் இருக்கிற ஏதோ ஒரு சக்கரமும் ரோல், பெடலின் இடது பிரேக்கும் ரோல். ஜாய்ஸ்டிக்கை நீங்கள் தொடாவிட்டாலும் மற்றது இழுத்துக்கொண்டே இருக்கும். கன்ட்ரோல்ஸ் பக்கத்தில் மேலே ஏ-4ஈ-சி-யைத் தேர்ந்தெடுத்து ஆக்சிஸ் பிரிவுக்குப் போங்கள், பிட்ச் (மூக்கு ஏறி இறங்குவது), ரோல், ரடர், த்ரஸ்ட் (இன்ஜின் பவர்) நான்கு வரியிலும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பத்தி இருக்கும். ஒரு வரிக்கு ஒரே ஒரு பத்தியில்தான் எழுத்து இருக்க வேண்டும், மற்றதையெல்லாம் துடைத்துவிடுங்கள். இது ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனி, எஸ்யு-25டி-யில் ஏற்கெனவே சரி செய்திருந்தாலும் இங்கே மறுபடி செய்ய வேண்டும்.

செய்த பிறகு பறக்கும்போது ரைட் கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்தினால் திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் வரும், கையை எடுத்ததும் குறி நடுவில் வந்து நின்றால் அச்சுகள் சுத்தம். நடுவில் நின்றும் விமானம் சாய்கிறது என்றால் அது ட்ரிம் (கையை எடுத்தாலும் விமானம் அதே நிலையில் நிற்க வைக்கிற சரிக்கட்டல்), அல்லது ஒரு பக்க இறக்கையில் மட்டும் குண்டு தொங்குகிறது.

அதே ஆப்ஷன்ஸில் கேம்ப்ளே பக்கத்தில் கேம் ஃப்ளைட் மோடு, கேம் ஏவியானிக்ஸ் மோடு இரண்டும் அணைந்திருக்கட்டும். அவற்றை ஏற்றிவைத்துவிட்டு இப்படிப்பட்ட மாட்டைப் போடுவதில் அர்த்தமே இல்லை.


தரைக்குழு:

தரையில் திரும்பாததும் பழுது இல்லை. இந்த விமானத்தில் மூக்குச் சக்கரத்தைத் திருப்புகிற ஏற்பாடே கிடையாது, அது சும்மா போகிற போக்கில் உருளும். இடது பக்கம் போக இடது பிரேக், வலது பக்கம் போக வலது பிரேக், தள்ளுவண்டியை ஒரு சக்கரத்தைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி. பெடலில் கால்விரல் பிரேக் இருந்தால் இரண்டையும் தனித்தனி அச்சாகக் கொடுங்கள் (பல பெடல்களுக்கு இன்வர்ட் டிக் போட வேண்டியிருக்கும், இல்லையென்றால் மிதிக்காதபோது பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கும்). பெடல் இல்லை என்றால் இரண்டு பட்டன். கொஞ்சம் உருள ஆரம்பித்த பிறகுதான் திரும்பவே முடியும், நின்ற இடத்தில் ஒரு பக்கத்தை மட்டும் அழுத்திக்கொண்டு பவர் கொடுத்தால் அப்படியே சுழன்றுவிடும். ஓடுபாதையில் வேகம் பிடித்ததும் ரடருக்குக் காற்று கிடைத்துவிடும், அதற்குப் பிறகு பிரேக்கைத் தொடாதீர்கள்.

ஃப்ளாப் பாதி, மூக்கு கொஞ்சம் மேலே போகிற மாதிரி ட்ரிம், முழுப் பவர். ஆஃப்டர்பர்னர் கிடையாது, குண்டு நிறைய ஏற்றினால் ஓடுபாதை முழுக்க வேண்டியிருக்கும், பொறுமை.


சுற்றுப்பாதை_9:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். ஃபைட்டர் ஓட்டிப் பார்க்க ஆசை என்றால் ஏன் ஏ-4? அது தாக்குதல் விமானம். அதில் இருக்கிற ஏபிஜி-53 ரேடார் தரையை மட்டும்தான் பார்க்கும், எதிரி விமானத்தைக் காட்டவே காட்டாது.


தரைக்குழு:

ரேடார் விஷயம் சரிதான், பெயரளவில் தாக்குதல் விமானம் என்பதும் சரிதான். ஆனால் அமெரிக்கக் கடற்படையின் ஃபைட்டர் பள்ளியில் மிக்-17 வேஷம் கட்டுவதற்கு இதைத்தான் பிடித்துக்கொண்டுவந்து எஃப்-4 ஃபான்டம் ஃபைட்டர் விமானிகளை அலறவிட்டார்கள். 1967 மே 1 அன்று வியட்நாமில் தியோடர் ஸ்வார்ட்ஸ் என்ற விமானி ஏ-4சி-யில் இருந்துகொண்டு, தரைக்குச் சுடுகிற ஜூனி ராக்கெட்டால் ஒரு மிக்-17-ஐ வீழ்த்தினார், அந்தப் போரில் ஸ்கைஹாக் வீழ்த்திய ஒரே மிக் அது. எனவே கிட்டே போய்ச் சண்டை போடுகிற ஆசை இருந்தால் தாராளமாகப் போடலாம், கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டும், அவ்வளவே.

சண்டை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இறக்கையின் முன்விளிம்பில் ஸ்லாட் என்ற அசையும் தகடு இருக்கிறது, அதற்கு மோட்டாரும் இல்லை ஸ்விட்சும் இல்லை, காற்றின் அழுத்தத்தைப் பொறுத்துத் தானாகவே திறக்கும், மூடும். வேகம் குறைந்து இழுத்துத் திரும்பும்போது ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் திறந்தால் விமானம் சட்டென்று ஒரு பக்கம் உதறும். அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் இன்ஸ்டாலைச் சந்தேகப்பட்டுக்கொண்டு வராதீர்கள்.


வால்காற்று:

அருமை, எல்லாவற்றுக்கும் நன்றி. த்ராட்டிலில் இருந்த சக்கரம்தான் ரோலைப் பிடித்து வைத்திருந்தது, துடைத்தேன், சரியாகிவிட்டது. தரைக்குழு அண்ணா சொன்ன வரிசையில் இன்ஜினும் ஓடிவிட்டது, அந்த ஆர்பிஎம் முள் எழும்புகிற சத்தத்தைக் கேட்கவே தனியாக ஒரு தடவை அணைத்துப் போட்டேன்.

அடுத்த சந்தேகம். மார்க்-82 குண்டு ஆறு ஏற்றிக்கொண்டு போனேன். முதலில் பட்டனை அழுத்தினாலும் விழவே இல்லை. பிறகு எதையெதையோ தட்டியதும் விழுந்தது, ஆனால் இலக்குக்கு ரொம்ப முன்னாலேயே. கடைசியாக ரொம்பத் தாழ்வாகப் போய் நேர் மேலே போட்டேன், சரியாகப் பட்டது, வெடிக்கவில்லை! எஸ்யு-25டி-யில் கண்ணாடியில் குறி வரும், அதைப் பார்த்துப் போட்டால் போதும். இதில் வெறும் வட்டம்தான் தெரிகிறது, அதுவும் அசையவே மாட்டேன் என்கிறது.


ஏழாம்_மேகம்:

விழாததற்கு: சக்கரம் உள்ளே இழுக்கப்பட்டு, கியர் லீவரும் மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆயுதச் சுற்றுக்கு மின்சாரமே போகாது. அப்புறம் மாஸ்டர் ஆர்ம் (ஆயுதங்களுக்கான முதன்மை ஸ்விட்ச்), பெரிய திருகு ஸ்விட்ச் குண்டு நிலையில், கீழே ஐந்து ஸ்டேஷன் ஸ்விட்சில் குண்டு தொங்குகிற ஸ்டேஷன் எதுவோ அது தயார் நிலையில், குண்டு ஆர்ம் ஸ்விட்சில் மூக்கும் வாலும். இவ்வளவும் ஒன்றாக அமைந்தால்தான் விழும். பீரங்கிக்குத் தனி ஸ்விட்ச் இருக்கிறது, அதில் மொத்தமே ஒரு துப்பாக்கிக்கு 100 தோட்டா, எனவே பட்டனைப் பிடித்தபடியே இருக்காதீர்கள்.

அந்த வட்டம் அசையாது, அது உங்களுக்காகக் கணக்குப் போடாது. வட்டம் எவ்வளவு கீழே இறங்கியிருக்க வேண்டும் என்று மில் (சின்னக் கோண அளவு) கணக்கில் நீங்களே திருகி வைக்க வேண்டும், அதுவும் ஒரு குறிப்பிட்ட சரிவு, ஒரு குறிப்பிட்ட வேகம், ஒரு குறிப்பிட்ட உயரம் மூன்றும் பொருந்தினால் மட்டும்தான் அந்த எண் செல்லும். நினைத்ததைவிடச் சரிவு குறைவாக இருந்தால் குண்டு முன்னாலேயே விழும், வேகம் குறைந்தாலும் முன்னால், உயரத்தில் அவசரப்பட்டுவிட்டாலும் முன்னால். மூன்றும் எதிர்ப்பக்கம் போனால் தாண்டி விழும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சரிவு பத்தாமல் போட்டிருப்பீர்கள், எல்லோருக்குமே 30 டிகிரி என்பது காக்பிட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது செங்குத்தாக இறங்குகிற மாதிரிதான் தெரியும், 20-க்கு மேல் மனசு வராது. வரைபடத்தில் ஒரே இலக்கை வைத்துக்கொண்டு, ஒரே உயரத்திலிருந்து, ஒரே சரிவில் திரும்பத் திரும்ப இறங்குங்கள், முதலில் குண்டு எங்கே விழுகிறது என்பதைவிட மூன்று எண்ணும் ஒன்றாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். எதிர்க்காற்றும் இழுக்கும், முதல் சில நாள் மிஷனில் காற்றைப் பூஜ்ஜியமாக வைத்துவிடுங்கள்.


தரைக்குழு:

வெடிக்காத குண்டுக்கு: விமானத்தைவிட்டுப் பிரிந்ததும் குண்டை வெடிக்கவைக்கிற ஃபியூஸ் தயாராகக் கொஞ்ச நேரம் வேண்டும். அவ்வளவு தாழ்வில் போட்டால் அது தயாராவதற்குள் தரை வந்துவிடும். 1982 ஃபாக்லண்ட் போரில் அர்ஜென்டினா விமானிகளுக்கு இதேதான் நடந்தது, ஸ்கைஹாக்கில் கடல் மட்டத்தை ஒட்டி வந்து கப்பல்மீது சரியாகவே போட்டும் பல குண்டுகள் வெடிக்காமல் உள்ளேயே கிடந்தன. தயாரான சமயத்தில் என்ன ஆகும் என்பதற்கு மே 25 அன்று மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் கவென்ட்ரி சாட்சி. தாழ்வாகத்தான் போக வேண்டும் என்றால் ஸ்னேக்ஐ ஏற்றுங்கள். அதே மார்க்-82, பின்னால் நான்கு தகடு விரிந்து வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், குண்டும் தயாராகும், நீங்களும் அதற்குள் தள்ளிப்போயிருப்பீர்கள். இல்லையென்றால் உங்கள் குண்டின் சிதறலே உங்களை வீழ்த்தும்.

தரையிறக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எப்படியும் கேட்பீர்கள். கண்ணாடிக்கு இடது பக்கத்தில் மூன்று விளக்கு இருக்கிறது. நடுவில் மஞ்சள் வட்டம் எரிந்தால் இறக்கை காற்றைச் சந்திக்கிற கோணம் சரி, மேலே பச்சை எரிந்தால் மெதுவாகிவிட்டீர்கள், மூக்கைத் தாழ்த்துங்கள், கீழே சிவப்பு எரிந்தால் வேகம் அதிகம். வேகமானியை மறந்துவிட்டு அந்த வட்டத்தை ஸ்டிக்காலும் ட்ரிம்மாலும் பிடித்துக்கொள்ளுங்கள், மேலே போவதும் கீழே போவதும் த்ராட்டில் வேலை. ஸ்பீடு பிரேக்கைத் திறந்து வைத்துக்கொண்டு இறங்கினால் இன்ஜின் கொஞ்சம் உயர்ந்த ஆர்பிஎம்மில் ஓடும், திடீரென்று பவர் வேண்டுமென்றால் உடனே கிடைக்கும். ஐடிலில் வைத்துக்கொண்டு வந்தீர்கள் என்றால் அது விழித்தெழுவதற்குள் கதை முடிந்திருக்கும். கால்கள் உயரம், சக்கரங்களுக்கு நடுவே அகலம் குறைவு, அதனால் பக்கக் காற்றில் தொட்டதும் ஒரு இறக்கையைக் காற்று தூக்கும். ஸ்பாய்லர் (இறக்கைமேல் எழும்பித் தூக்குவிசையைக் குறைக்கிற தகடு) ஸ்விட்சை இறங்குவதற்கு முன்னாலேயே தயார் நிலையில் வைத்துவிடுங்கள்.


சுற்றுப்பாதை_9:

நானும் இறக்கிவிட்டேன், பார்ப்போம். இதை ஆன்லைனில் ஓட்ட முடியுமா? என் நண்பனிடம் மாட் இல்லை.


ஏழாம்_மேகம்:

ஓட்டலாம், ஆனால் சர்வரிலும் மாட் இருந்து, மிஷனிலும் ஏ-4 வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் உட்கார இடம் காட்டும். நீங்களே சர்வர் வைக்கிறீர்கள் என்றால் நண்பரிடமும் அதே பதிப்பை ஏற்றச் சொல்லுங்கள், ஆளுக்கு ஒரு பதிப்பு வைத்துக்கொண்டால் தேவையில்லாத தலைவலி. மிஷன் எடிட்டரில் ஸ்கில் என்ற இடத்தில் பிளேயர் என்று வைக்காமல் கிளையன்ட் என்று இரண்டு விமானத்துக்கும் வையுங்கள். கேமுக்குப் பெரிய அப்டேட் வந்த அன்றைக்கு மட்டும் எதையும் திட்டமிட வேண்டாம், மாட் ஆட்கள் சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள், அவர்களுக்கும் சரிபார்க்கக் கொஞ்ச நாள் வேண்டும். அதுவரை ஏ-4ஈ-சி ஃபோல்டரை மாட்ஸுக்கு வெளியே நகர்த்தி வைத்தால் போதும், சாவி அமைப்பெல்லாம் கான்ஃபிக் ஃபோல்டரில் தனியாக இருப்பதால் அது போகாது.